வெண்டிலேட்டரும் வஸிய்யத்தும்: தீராத நோயில் நமக்குள்ள உரிமையும் எல்லையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

"ஹஜ்ரத், வெண்டிலேட்டரை எடுக்கச் சொன்னால் வாப்பாவைக் கொன்ற பாவம் எங்கள் மீது வருமா?"

இந்தக் கேள்வி இன்று ஆலிம்களின் கைப்பேசிக்கு இரவு பகல் பாராமல் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார். உள்ளே ஒரு படிவம் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். அண்ணன் ஒன்று சொல்வார், மருமகன் வேறொன்று சொல்வார், சவூதியிலிருந்து தம்பி தொலைபேசியில் அழுவார். அந்த நேரத்தில் ஃபிக்ஹ் பாடம் நடத்த இயலாது. ஆகவே, வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் குடும்பத்தோடு அமர்ந்து படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 மார்ச் 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 'காமன் காஸ்' வழக்கில் தீர்ப்பளித்தபோது, 'கருணைக்கொலைக்கு அனுமதி' என்றே நம் நாளிதழ்கள் பல தலைப்பிட்டன. அதைப் பார்த்த நம்மவர்கள் 'நஊது பில்லாஹ்' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டனர். கொலையும் கருணையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. உண்மையில் இங்கே மூன்று வெவ்வேறு செயல்கள் உள்ளன. மருத்துவர் தம் கையால் ஊசி செலுத்தி நோயாளியின் உயிரைப் போக்குவது ஒன்று. மருத்துவர் நச்சு மருந்தை எழுதிக்கொடுக்க, நோயாளி அதைத் தாமே அருந்தி மாய்வது மற்றொன்று. குணமளிக்கும் நம்பிக்கை அற்றுப்போன நிலையில், சாவை மட்டும் இழுத்தடிக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதோ, தொடங்கியதை நிறுத்துவதோ மூன்றாவது. இந்தியச் சட்டத்தில் முதல் இரண்டும் இன்றளவும் குற்றமே. நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது மூன்றாவதை மட்டும்தான். மார்க்கத்தின் பார்வையிலும் முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் இடையே வானுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் இருக்கிறது. இவற்றை ஒரே கூடையில் போட்டுவிட்டு 'எல்லாம் ஹராம்' என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த எளிமையின் விலையை ஐ.சி.யூவில் கைகால் கட்டப்பட்டுக் கிடக்கும் நம் பெற்றோர்களே கொடுக்கின்றனர்.

முதல் இரண்டையும் பற்றிய பேச்சு இனி வெளிநாட்டுச் செய்தி அன்று. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் இது சட்டபூர்வமாக உள்ளது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் மருத்துவர் மருந்து எழுதித்தரலாம். கனடா 2016இல் சட்டமியற்றியது. 2021இல், மரணம் அண்மையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தளர்த்தியது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 15,343 பேர் இவ்வழியில் இறந்தனர். அது அவ்வாண்டின் மொத்த இறப்புகளில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. பிரிட்டனின் மக்களவை 2025 ஜூன் 20 அன்று, ஆறு மாதங்களுக்குள் இறந்துவிடக்கூடிய நோயாளிகளுக்கான மசோதாவை 314க்கு 291 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. டொரொன்டோவிலும் லண்டனிலும் நம் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றுகின்றனர். அவர்களின் பெற்றோர் அங்கே முதுமையடைகின்றனர். 'இதில் என்ன தவறு? வலியில் துடிப்பவர் போக விரும்பினால் விட வேண்டியதுதானே?' என்று அங்கே வளரும் இளைஞர் கேட்டால், அவரை அதட்டி அடக்குவது பதிலாகாது.

அவர் கேட்பதில் ஓர் இரக்கம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அவர் ஒன்றைக் கவனிக்கட்டும். ஓரிகன் மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், மருந்தைக் கேட்டவர்கள் கூறிய காரணங்கள் பதிவாகின்றன. வலி அங்கே முதலிடத்தில் இல்லை. தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ள முடியாமை, வாழ்வில் இன்பம் தந்தவற்றைச் செய்ய இயலாமை, கண்ணியம் இழந்த உணர்வு ஆகியவையே முன் நிற்கின்றன. குடும்பத்துக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற அச்சத்தையும் கணிசமானோர் சொல்லியிருக்கின்றனர். 'நான் சுமை' என்று ஒரு தாய் நினைப்பது அவருடைய தனியுரிமையான முடிவா, அல்லது நம் முகங்களில் அவர் படித்த செய்தியா? சாகும் உரிமை சட்டமாகும் நாளில், சாகாமல் இருப்பதற்கு நோயாளி காரணம் சொல்ல வேண்டியவராகிறார். இதை உணர நாம் கனடா வரை போக வேண்டியதில்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவருக்குத் தலைமுழுக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகடிக்கும் 'தலைக்கூத்தல்' பற்றிய செய்திகள் 2010இல் வெளிவந்து நாட்டை அதிரவைத்தன. அங்கேயும் சொல்லப்பட்ட காரணம் இரக்கம்தான்.

இனி மார்க்கத்திற்கு வருவோம். உயிர் நமக்குச் சொந்தமான பொருளன்று. அது அல்லாஹ்வின் அமானத். தன்னைத்தானே கொன்றுகொள்வதைக் குர்ஆன் (4:29) தடுக்கிறது. தடுத்த அந்த இடத்திலேயே, அல்லாஹ் உங்கள்மீது இரக்கமுடையவன் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முன் சென்ற சமுதாயத்தில் ஒருவர், காயத்தின் வேதனை தாளாமல் கத்தியை எடுத்துத் தம் கையை அறுத்துக்கொண்டு இரத்தம் வடிந்து இறந்தார். தன் அடியான் தன்னை முந்திவிட்டான் என்று கூறி அல்லாஹ் அவருக்குச் சுவனத்தைத் தடுத்தான் என ஜுன்துப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அவரும் வலியால்தான் அதைச் செய்தார். எனவே வலி என்ற காரணம் அச்செயலை ஆகுமாக்கவில்லை என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு கிடையாது. நோயாளி கெஞ்சிக் கேட்டாலும் மருத்துவர் ஊசி போடுவது கூடாது. மருந்தை எழுதிக்கொடுப்பதும் பாவத்திற்குத் துணைபோவதே. இந்த எல்லையில் நான் எந்தத் தளர்வையும் காணவில்லை.

ஆனால் அதே நபிமொழிக் கருவூலத்தில் இன்னொரு நிகழ்வும் உள்ளது. மிம்பரில் இதை அதிகம் கேட்க முடிவதில்லை. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் செய்த ஒரு தோழர் மதீனாவில் நோயுற்றார். பொறுக்க முடியாமல் அம்பு முனையால் தம் விரல் மூட்டுகளை அறுத்துக்கொள்ள, இரத்தம் பீறிட்டு இறந்துபோனார். பின்னர் துஃபைல் (ரலி) அவரைக் கனவில் நல்ல நிலையில் கண்டார். ஆனால் அவருடைய கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டு அல்லாஹ் தம்மை மன்னித்துவிட்டான் என்றும், தாமே கெடுத்துக்கொண்டதைச் சீராக்கமாட்டோம் எனத் தமக்குச் சொல்லப்பட்டது என்றும் அவர் கூறினார். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய கைகளையும் மன்னித்தருளுமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள் (முஸ்லிம்). செயல் தவறு, ஆயினும் அந்த மனிதருக்காகக் கையேந்திய நபியின் உம்மத் நாம். புற்றுநோயின் வேதனையில் தவறான முடிவெடுத்தவரின் ஜனாஸாவுக்கு வர மறுப்பதும், அவருடைய பிள்ளைகளைப் பள்ளிவாசலில் குத்திப் பேசுவதும் எந்தச் சுன்னத்? அத்தகையவருக்கும் ஜனாஸா தொழுகை உண்டு என்பதே பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு. வீட்டில் ஒருவர் 'இனி இருந்து என்ன பயன்' என்று பேசத் தொடங்கினால் அதைக் குறை ஈமான் என்று ஏசாமல், பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

மரணத்தை விரும்பிப் புலம்புவதற்கும் அதைத் தேடிக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று கதறினார்கள் (19:23). அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற குரல் வந்தது. காலடியில் ஓடும் நீரும், உலுக்கினால் விழும் கனிந்த பேரீச்சம்பழமும் கூடவே வந்தன. நம் வீடுகளில் நோயாளி கதறும்போது 'ஸப்ர் செய்யுங்கள்' என்ற குரல் மட்டும் வருகிறது. நீரும் பழமும் வருவதில்லை.

இப்போது மூன்றாவது செயலுக்கு வருகிறேன். குடும்பங்களின் உண்மையான திண்டாட்டம் இங்கேதான்.

சிகிச்சை செய்துகொள்வது கட்டாயக் கடமையா? பெரும்பாலோர் 'ஆம்' என்றே நினைக்கின்றனர். நம் ஷாஃபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்துகொள்வது சுன்னத் என்றும், அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி அதை விடுவதும் சிறப்பே என்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஃ' நூலில் குறிப்பிடுகின்றார்கள். ஹனஃபீ மத்ஹபின் 'ஃபதாவா ஆலம்கீரி' ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறது. பசிக்கு உணவு போன்ற உறுதியான காரணிகளை விட்டு ஒருவர் இறந்தால் அவர் பாவி. பலன் தரலாம் என எதிர்பார்க்கப்படும் மருந்தை விட்டு இறந்தால் அவர் பாவி அல்லர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வில் தவக்குல் பற்றிய பகுதியில் இதே பகுப்பைச் செய்துள்ளார்கள். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி துஆ கேட்டு வந்தபோது, பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என நபி (ஸல்) அவர்கள் இரு வழிகளையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, வலிப்பின்போது ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ கேட்டார் (புகாரி, முஸ்லிம்). தேர்ந்தெடுத்தவர் நோயாளி. அவருடைய அண்ணனோ கணவரோ அல்லர்.

இது இன்றைய மருத்துவத்திற்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றைய மருந்துகளின் பலன் ஊகமாக இருந்தது. இன்று நீரிழிவுக்கு இன்சுலின், நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக், விபத்தில் இரத்தம் என்பன ஏறத்தாழ உறுதியான பலன் தருபவை. இவற்றை மறுத்து உயிரை இழப்பதைத் தவக்குல் என்று நான் கூறமாட்டேன். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் எடுத்த தீர்மானமும், விட்டால் உயிரோ உறுப்போ அழிந்துவிடும் என்ற நிலையில் சிகிச்சை கடமையாகும் என்றே கூறுகிறது. அறிவுத் தெளிவுள்ள நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பதையும் அதே தீர்மானம் வலியுறுத்துகிறது. நாற்பது வயதுக்காரரின் நிமோனியாவுக்கு வெண்டிலேட்டர் ஒரு பாலம். அக்கரையில் வாழ்வு இருக்கிறது. உடலெங்கும் புற்றுநோய் பரவி, சிறுநீரகமும் ஈரலும் ஓய்ந்துவிட்ட எண்பது வயதுக்காரருக்கு அதே இயந்திரம் அக்கரை இல்லாத பாலம். இயந்திரம் ஒன்றுதான், ஹுக்மு ஒன்றன்று. இரண்டாமவருக்கு அதைத் தொடங்காமல் இருப்பதும், அனுபவமுள்ள மருத்துவர்கள் கைவிரித்த பின் நிறுத்துவதும் கொலையாகாது. அவரைக் கொல்வது நோய். தொடங்காமல் இருப்பது ஆகும், தொடங்கியதை நிறுத்துவது ஆகாது என்று கருதும் ஆலிம்களும் உள்ளனர். அவர்களின் பேணுதலை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கருத்தை அப்படியே பின்பற்றினால் குடும்பங்கள் அஞ்சி, பலன் தரக்கூடிய இடத்திலும் இயந்திரத்தை வேண்டாம் என்றுவிடும். அதைவிட, தொடங்கும்போதே மருத்துவரிடம் 'எத்தனை நாள் பார்க்கலாம், எது நடந்தால் முன்னேற்றம், எது நடந்தால் பயனில்லை' என்று கேட்டு ஒரு தவணை வைத்துக்கொள்வது நல்லது.

உணவின் நிலை வேறு. இங்கே அருணா ஷான்பாக் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அவர், 1973 நவம்பரில் அம்மருத்துவமனை ஊழியன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை சிதைந்த நிலைக்குப் போனார். அவரைச் சாக அனுமதிக்குமாறு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. உயிர்காக்கும் கருவிகளை விலக்குவது பற்றிய விதிமுறைகளை அந்தத் தீர்ப்புதான் முதன்முதலாக வகுத்தது. அருணா அன்று தாமே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னது உணவை. கே.இ.எம். செவிலியர்கள் மறுத்துவிட்டனர். தலைமுறை தலைமுறையாக, ஓய்வுபெற்றவர் கையிலிருந்து புதிதாக வந்தவர் கைக்கு மாறி, 2015 மே 18 அன்று அவர் நிமோனியாவால் இறக்கும்வரை அவருக்கு ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டனர். பெரும்பாலும் முஸ்லிமல்லாத அப்பெண்கள் 41 ஆண்டுகளுக்கு மேல் செய்த கித்மத்தை நினைக்கும்போது, தாய்க்குப் பணிவிடை செய்ய முறை போட்டுச் சண்டையிடும் நம் வீடுகள் நினைவுக்கு வந்து நாணம் ஏற்படுகிறது. மூச்சுவிட்டுக்கொண்டு, செரித்துக்கொண்டு இருக்கும் உடலுக்கு உணவை மறுப்பது பட்டினி போடுவதே. ஆனால் இறுதி நாட்களில் உடலே உணவை ஏற்க மறுக்கும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது மூக்குக் குழாயில் கஞ்சியை ஏற்றினால் அது நுரையீரலுக்குள் போய்த் துன்பத்தை மிகுவிக்கும். அந்நேரத்தில் உதட்டை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டிருப்பது போதும்.

நோயாளியின் விருப்பம் பற்றி ஒரு ஹதீஸை எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் இருந்தபோது, வீட்டார் அவர்களின் வாயோரத்தில் மருந்தை ஊற்றினர். வேண்டாம் என நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிகள் மருந்தை வெறுப்பது வழக்கம்தானே என்று எண்ணி வீட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை. தெளிவு வந்ததும் நபியவர்கள், தாம் தடுத்தும் ஏன் ஊற்றினீர்கள் எனக் கேட்டு, அங்கே இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த அனைவர் வாயிலும் அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஊற்றியவர்கள் யார்? உலகிலேயே அவர்களை அதிகம் நேசித்தவர்கள். நேசம் இருந்தது, ஆனால் சைகை மதிக்கப்படவில்லை. இன்று குழாயைப் பிடுங்க முயலும் முதியவரின் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டு, 'அவருக்கு ஒன்றும் தெரியாது' என்று நாம் சொல்லும்போது, அந்த வீட்டாரின் அதே எண்ணத்தைத்தான் சொல்கிறோம். மயக்கத்திலும் குழப்பத்திலும் பிடுங்குபவர்களும் உண்டு, அது வேறு. தெளிவாக இருக்கும்போதே பலமுறை 'என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்றவரைப் பற்றியே பேசுகிறேன்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு சொல். 'நான் வந்து முகம் பார்க்கும்வரை எப்படியாவது வைத்திருங்கள்' என்கிறீர்கள். அந்தத் தவிப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. விமானம் பிடித்து வர ஓரிரு நாள் ஆகட்டும். ஆனால் விடுப்பு கிடைக்கவில்லை என்று அது பத்து நாளாகும்போது, முகம் பார்ப்பது உங்கள் தேவை, குழாயின் வேதனை வாப்பாவுடையது. இயலுமாயின் நோய் முற்றும் முன்பே வாருங்கள். வெறும் முகத்தைப் பார்ப்பதைவிட, பேசும் வாயோடு இருக்கும் தகப்பனாரைப் பார்த்து, 'பொறுத்துக்கொண்டீர்களா' என்று கேட்டுவிட்டுப் போவது மேல்.

பணத்தைப் பற்றிப் பேசுவதை இழிவாக நினைக்கிறோம். 'காசு பார்த்து உம்மாவை விட்டுவிட்டான்' என்ற பழிக்கு அஞ்சி வீட்டை அடகு வைப்பவர்கள் எத்தனை பேர்! தனியார் மருத்துவமனை ஐ.சி.யூவில் ஒரு வாரக் கட்டணம், ஆட்டோ ஓட்டும் மகனின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தாம் பிழைக்கமாட்டோம் என்று எண்ணி, சொத்து முழுவதையும் தர்மம் செய்ய விரும்பியபோது நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அனுமதிக்கவில்லை. வாரிசுகளை மக்களிடம் கையேந்தவிடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச்செல்வது சிறந்தது என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). அல்லாஹ்வின் பாதையில் கொடுப்பதற்கே அந்த வரம்பு என்றால், குணமாக்காது என்று மருத்துவரே சொன்ன பின் இயந்திரத்திற்குக் கொட்டி, பேத்தியின் படிப்பை நிறுத்துவது நற்செயல் ஆகுமா? பயனுள்ள சிகிச்சைக்குச் செலவழிப்பது பிள்ளைகளின் கடமை. பயனற்றது என்று தெரிந்த பின் செலவைக் காரணம் காட்டி நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் மிகவும் வருந்துவது வலியின் விஷயத்தில்தான். முள் குத்துவதும் பாவங்களுக்குப் பரிகாரம் என்ற ஹதீஸ் உண்மையே. அதை வைத்து, வலி நிவாரணம் தேடுவது நன்மையை இழப்பது என்று கருதுபவர்கள் நம்மில் உள்ளனர். இரண்டு மனிதர்களுக்குரிய காய்ச்சலை அனுபவித்த நபி (ஸல்) அவர்கள், தம் இறுதி நோயில் ஏழு தோல்பைகளின் நீரைத் தம்மீது ஊற்றச் சொன்னார்கள். ஸகராத்தின்போது பாத்திரத்து நீரில் கையை நனைத்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள் (புகாரி). வலியைத் தணித்துக்கொள்வது ஸப்ருக்கு முரண் என்றால் இதற்கு என்ன பொருள் கூறுவது?

முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் மலிவான, நன்கு ஆராயப்பட்ட மருந்து. சட்டபூர்வமாக ஓபியம் பயிரிடும் நாடு இந்தியா. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருந்தகங்கள் அதை வைக்காமல் விட, நோயாளிகள் பல்லாண்டுகள் துடித்தனர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதானது. நம் மக்களின் தயக்கமோ இன்னும் நீங்கவில்லை. 'போதைப் பொருள் ஆயிற்றே', 'மயங்கிக் கிடந்தால் கலிமா சொல்ல முடியாதே' என்கின்றனர். மருத்துவர் அளவறிந்து வலிக்குக் கொடுக்கும் மருந்து, தேவையின் அடிப்படையில் ஆகுமானது. சரியான அளவில் தொடங்கப்பட்டால், முதல் சில நாட்களின் தூக்கக் கலக்கத்துக்குப் பின் பெரும்பாலோர் தெளிவாகவே இருக்கின்றனர். உண்மையில், தொழுகையில் மனம் நிற்கவிடாமலும் கலிமாவை நாவில் வரவிடாமலும் செய்வது கட்டுக்கடங்காத வலி. எந்த மருந்துக்கும் அடங்காத வேதனையும் சிலருக்கு உண்டு என்பதை மறைக்கமாட்டேன். அத்தகையவருக்கு இறுதியில் தூக்க மருந்தால் உணர்வைத் தணிப்பதும், நோக்கம் வேதனையைக் குறைப்பதாகவும் அளவு அதற்கேற்றதாகவும் இருக்கும்வரை, கொலையாகாது என்பதே என் கருத்து.

அண்டையில் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் அவர்களும் தோழர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சிகிச்சைப் பணி, மலப்புறம் மாவட்டத்தின் ஊர்களில் மக்கள் இயக்கமாகப் பரவியது. கடைக்காரர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் முறைவைத்து நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்கின்றனர். புண்ணைத் துடைக்கின்றனர், குழாய் மாற்றும் செவிலியரைக் கூட்டி வருகின்றனர், வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்க்கின்றனர். 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. மலப்புறத்து முஸ்லிம்கள் செய்வதைத் தமிழக மஹல்லாக்கள் ஏன் செய்யவில்லை? நம் பள்ளிவாசல்களில் மய்யித்தைக் குளிப்பாட்டும் பலகை இருக்கிறது, சந்தூக் இருக்கிறது, குளிர்பெட்டியும் இருக்கிறது. படுக்கைப் புண் வராமல் காக்கும் ஒரு காற்று மெத்தை இருக்கிறதா?

இன்னொரு வழக்கத்தையும் விட வேண்டும். 'வாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று மருத்துவரைக் கெஞ்சுவது. கடனைத் தீர்க்க வேண்டியவர் அவர், பேசாத தம்பியிடம் பேச வேண்டியவர் அவர், தவ்பா செய்ய வேண்டியவர் அவர். உண்மையை மறைத்து இத்தனையையும் அவரிடமிருந்து பறித்துவிட்டு, கடைசியில் அவர் காதுக்கு எட்டாத நிலையில் யாஸீன் ஓதுகிறோம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. 'உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், வாப்பா?' என்று கேட்டால் பெரும்பாலான பெரியவர்கள் தாமே பேசத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் ஏற்கனவே அறிந்திருப்பதைக் கண்டு நீங்கள் வியப்பீர்கள்.

வஸிய்யத் செய்ய வேண்டியது ஏதேனும் இருப்பவர், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்). சொத்துக்குரிய அந்த அறிவுரையின் உணர்வு, உடலின் இறுதி நாட்களுக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன். சட்டம் அதற்கு வழிவிட்டிருக்கிறது. 2018 தீர்ப்பின்படி இத்தகைய முன்மருத்துவ உயிலை நீதித்துறை நடுவர் முன் கையொப்பமிட வேண்டியிருந்தது. அது யாராலும் பின்பற்ற இயலாததாக இருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இப்போது பதினெட்டு வயது நிறைந்த எவரும், இரண்டு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். பின்னாளில் அது நடைமுறைக்கு வருமுன் மருத்துவமனையின் முதல்நிலை மருத்துவக் குழுவும், மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரைக் கொண்ட இரண்டாம்நிலைக் குழுவும் ஒப்புதல் அளிக்க வேண்டும். எனவே, சொத்துக்கு ஆசைப்பட்ட வாரிசு ஒருவர் தனியாக எதையும் செய்துவிட இயலாது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது.

அந்தத் தாளில் ஒரு முஸ்லிம் என்ன எழுதலாம் என்று கேட்பவர்களுக்கு: உயிரைப் போக்கும் எந்த ஊசியையும் மருந்தையும் நான் ஏற்கவில்லை என்பதை முதலில் எழுதுங்கள். குணமாகும் வாய்ப்புள்ள நோய்க்கு முழுச் சிகிச்சையும் தருமாறு எழுதுங்கள். நம்பிக்கை இல்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் வெண்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல் ஆகியவற்றில் எவை வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வலிக்கு மருந்து தர வேண்டும், தண்ணீரும் சுத்தமும் குறையக் கூடாது, இயன்றால் வீட்டில், இல்லையேல் கிப்லாவை நோக்கிய கட்டிலில், கலிமாவை மெல்லச் சொல்லித்தர ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். உங்களுக்காக முடிவெடுப்பவராகப் பிள்ளைகளில் ஒருவரையும், அவர் இல்லாதபோது மற்றொருவரையும் குறிப்பிடுங்கள். அதிகம் அழுபவரைவிட, நீங்கள் சொன்னதை மாற்றாமல் சொல்லக்கூடியவரே அதற்குத் தகுந்தவர். ஒரு பிரதியை அவரிடமும், இன்னொன்றை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் கொடுத்துவிட்டு, வரும் பெருநாளில் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கும்போது அதை உரக்க ஒருமுறை படித்துக்காட்டுங்கள்.